காளை நாயும் எஜமானரும்

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சேர்ந்து, அங்கிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்புகிறவர்கள் ஒரு மாறுதலைக் கவனித்திருப்பார்கள். ஒரு காலத்தில் சவுக்குத் தோப்பும் மணல் மேடுமாகக் கிடந்த இடங்களில் இன்று உயர்ந்த மதில்களும் இரும்புக் கதவுகளும் நிற்கின்றன. கதவுக்குக் கதவு ஒரு பலகை, பலகைக்குப் பலகை ஒரே வாசகம்: "நாய் ஜாக்கிரதை." முன்னாளில் வாசலில் கோலமிட்டு வருவாரை வரவேற்ற நாட்டில், வருவாரை எச்சரிப்பதே வாசலின் முதற் கடமையாகிவிட்டது.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று, தேவனேரிக்கு வடக்கே நமது நண்பர் ஒருவருடைய வீட்டுக்குச் சென்றிருந்தோம். கதவு திறந்ததும் எதிரே நின்றது ஒரு பிட்புல். அகன்ற தலை, திரண்ட மார்பு, கல்லில் செதுக்கியது போன்ற தாடை. நாம் இரண்டடி பின்வாங்கினோம் என்பதை ஒளிப்பானேன்? "பயப்படாதீர்கள் ஐயா, இவன் குழந்தை மாதிரி" என்றார் நண்பர். அவர் கூறியது பொய்யன்று. கால் மணி நேரத்துக்குள் அந்த நாய் நமது பாதத்தின் மேல் மோவாயை வைத்து உறங்கத் தொடங்கிவிட்டது. நண்பரின் நான்கு வயதுப் பெண் அதன் காதைப் பிடித்து இழுத்தாள். அது கண்ணைத் திறந்து பார்த்து மறுபடியும் மூடிக்கொண்டது.

விடைபெற்று வெளியே வந்தபோது அதே வாசலில் வேறொரு காட்சி கண்டோம். மீன் கூடையைத் தலையில் சுமந்து வந்த அம்மாள் ஒருவர், அந்த மதில் தொடங்குமிடத்தில் சாலையைக் கடந்து எதிர்ப்புறம் போய், மதில் முடிந்த பிறகு திரும்பவும் இப்புறம் வந்தார். வாகனங்கள் பறக்கும் சாலையில் இரண்டு முறை உயிரைப் பணயம் வைத்து ஏன் கடக்க வேண்டும் என்று கேட்டோம். "போன வருஷம் கதவு தெறந்து கெடந்தப்போ அந்த நாய் பாஞ்சு வந்துச்சுங்க ஐயா. கடிக்கல. ஆனா அன்னியிலேருந்து நான் அந்தப் பக்கம் நடக்கறதில்ல. கூடையப் போட்டுட்டு ஓட முடியுங்களா?" என்றார்.

மதிலுக்கு உள்ளே குழந்தையின் விளையாட்டுத் துணை. வெளியே கூடைக்காரியின் அச்சம். இரண்டும் ஒரே நாய்தான். இத்தகைய நாய்களை நம்மவர் ஏன் இவ்வளவு ஆசையோடு வளர்க்கிறார்கள், அந்த ஆசைக்குரிய விலையை யார் கொடுக்கிறார்கள் என்ற இரு கேள்விகளையும் சேர்த்தே விசாரிக்க வேண்டும் என்று அன்று நமக்குத் தோன்றிற்று.

இவை வந்த வழி

புல்டாக், புல் டெரியர், பிட்புல், புல்மாஸ்டிஃப், பாக்ஸர் முதலிய இனங்களுக்குக் காளை நாய்கள் என்று பொதுப்பெயர் கூறலாம். பழைய இங்கிலாந்தில் காளையைக் கம்பத்தில் கட்டி, அதன் மேல் நாய்களை ஏவி வேடிக்கை பார்ப்பது ஜனங்களுக்குப் பெரும் பொழுதுபோக்கு. காளையின் மூக்கைக் கவ்விப் பிடித்து, என்ன நேர்ந்தாலும் விடாமல் தொங்கும் நாயே சிறந்த நாய். நாய்களால் அலைக்கழிக்கப்பட்ட காளையின் இறைச்சி மிருதுவாகும் என்ற நம்பிக்கையும் அங்கே இருந்தது. நம் நாட்டிலும் காளையோடு பொருதினர். ஆனால் நாயை ஏவிவிட்டுக் கைகட்டி நிற்கவில்லை. தாமே களத்தில் இறங்கித் திமிலைத் தழுவினர்.

1835ஆம் ஆண்டில் ஆங்கிலப் பார்லிமெண்டு மிருகவதைத் தடைச் சட்டத்தின் மூலம் இந்தக் கேளிக்கையை நிறுத்திற்று. காளையை விட்டவர்கள் நாயோடு நாயை மோதவிடத் தொடங்கினார்கள். காளையைக் கட்டி வைக்கத் திறந்த வெளி வேண்டும். நாய்ச் சண்டைக்கோ ஒரு குழியும் பூட்டிய கதவும் போதும். புல்டாக்கின் பிடிவாதத்தையும் டெரியரின் சுறுசுறுப்பையும் கலந்து புதிய இனங்கள் உண்டாக்கப்பட்டன. குடியேறியவர்களோடு அவை அமெரிக்கா சென்றன. குழியில் பொருதியதால் பிட்புல் என்ற பெயர் நிலைத்தது. புல்மாஸ்டிஃப் வேறு வேலைக்குப் பிறந்தது. பிரபுக்களின் காடுகளில் திருட்டு வேட்டையாடியவர்களை இரவில் மடக்கிக் கீழே தள்ளிப் பிடித்து வைப்பதற்காகக் காவற்காரர்கள் அதை உருவாக்கினார்கள். ஜெர்மானியரின் பாக்ஸர், வேட்டையில் பெரிய மிருகங்களைப் பிடித்து நிறுத்திய பழைய நாயின் வழிவந்தது.

புல்டாக்கோ கால ஓட்டத்தில் இங்கிலாந்தின் சின்னமாகவே ஆகிவிட்டது. யுத்த காலத்தில் சர்ச்சிலின் முகத்தையும் அந்நாயின் முகத்தையும் இணைத்து வரையாத கேலிச் சித்திரக்காரர் குறைவு. 1947இல் ஆங்கிலேயர் கப்பலேறினர். அவர்களுடைய நாய் மட்டும் நம் கூடத்தில் மெத்தை போட்டு அமர்ந்துவிட்டது!

ஆசையின் காரணங்கள்

இந்த ஆசையை வெறும் மோகம் என்று தள்ளிவிடுவது நியாயமன்று. காரணங்கள் பல, அவற்றில் சில போற்றத்தக்கவை.

முதலாவது அன்பு. இந்நாய்கள் தம் வீட்டாரிடம் கொள்ளும் பற்று அபாரமானது. தனியே விளையாடித் திருப்தியடையும் சுபாவம் இவற்றுக்கு இல்லை. மனிதர் உடம்போடு உடம்பு ஒட்டிக்கொண்டு கிடக்கவே விரும்பும். வலியைப் பொறுக்கும், குழந்தைகளின் தொல்லையையும் பொறுக்கும். கோமாளியைப் போன்ற முகமும், நடக்கும்போது உடம்பு முழுவதையும் ஆட்டும் வேடிக்கையும் பார்ப்பவர் மனத்தைக் கவரும். பிள்ளைகள் அயல்நாடு சென்றுவிட, இருவராய்த் தனித்துவிட்ட முதிய பெற்றோர் நம் ஜில்லாவில் இப்போது எத்தனை பேர்! மாலையில் வாசலில் ஓர் உயிர் தமக்காகக் காத்திருக்கிறது என்பது அவர்களுக்குச் சிறிய விஷயமன்று.

இரண்டாவது அச்சம். கடற்கரையில் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் நிற்கும் வீடுகள். இரவில் அலையோசையைத் தவிர வேறு ஓசையில்லை. திருடன் கதவருகே வந்து, அந்தத் தலையைக் கண்டு திரும்பிப் போய்விட்டால் அதுவே போதும் என்று எண்ணுகிறார்கள். இதிலும் குற்றம் காண முடியாது.

மூன்றாவது பெருமை. இங்கேதான் நோய் தொடங்குகிறது. பிறர் கண்டு அஞ்சும் ஒன்று தமக்கு மட்டும் அடங்கி நிற்கிறது என்ற எண்ணத்தில் ஒரு போதை உண்டு. செங்கற்பட்டில் மாலை வேளையில் கொளவாய் ஏரிப் பக்கம் உலவுகிறவர்கள், மீசை அரும்பாத இளைஞர்கள் கனத்த சங்கிலியில் இத்தகைய நாயை இழுத்துச் செல்வதைப் பார்த்திருப்பார்கள். உண்மையில் நாய்தான் அவர்களை இழுத்துச் செல்கிறது. நாயின் காது நறுக்கப்பட்டிருக்கும். காது நறுக்குவதால் நாய்க்கு ஒரு நன்மையும் இல்லை. பார்ப்பவருக்குப் பயங்கரமாகத் தோன்ற வேண்டும் என்பதைத் தவிர வேறு நோக்கமும் இல்லை. தன்னிடம் இல்லாத வலிமையைச் சங்கிலியின் மறுமுனையில் இரவல் வாங்குகிறவனுக்கு அந்த நாயிடம் இருப்பது அன்பு என்று சொல்ல நம் நா எழவில்லை.

நான்காவது ஒன்றும் உண்டு. அதுதான் பரிவு. உலகமெல்லாம் பழிக்கும் பிராணியிடம் சிலருக்கு இயல்பாகவே இரக்கம் பிறக்கிறது. சண்டைக்கு வளர்க்கப்பட்டு, பின்பு தெருவில் விடப்பட்டு, காயமும் புழுவுமாய்க் கிடக்கும் நாய்களை எடுத்துவந்து தேற்றும் இளைஞர்களையும் யுவதிகளையும் நாம் அறிவோம். அவர்களை வணங்குகிறோம்.

நாயின் குணமும் நம் குற்றமும்

நிற்க. இந்நாய்களைப் பற்றி இரு தரப்பாரும் பேசும் மிகைகளை முதலில் விலக்க வேண்டும். பிட்புல்லின் தாடை கடித்தவுடன் பூட்டிக்கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி ஒரு பூட்டு எந்த நாயின் எலும்பிலும் இல்லை. இனத்தைக் கொண்டே குணத்தை அறுதியிட்டுவிடலாம் என்பதும் சரியன்று. பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அமெரிக்க விஞ்ஞானிகள் நடத்திய ஆராய்ச்சியொன்று 2022இல் வெளியாயிற்று. நாய்க்கு நாய் காணப்படும் நடத்தை வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்துக்கு மட்டுமே இனம் காரணம் என்று அது கண்டது.

அன்பர்கள் இதை மேற்கோள் காட்டி மகிழ்கிறார்கள். ஆனால் அவர்கள் மறக்கும் விஷயமும் ஒன்று உண்டு. எல்லா நாய்களும் ஒரு நாள் கோபம் கொள்ளலாம். எல்லா நாய்களின் கோபமும் ஒரே பலனைத் தருவதில்லை. பொமரேனியன் கோபித்தால் கால் சட்டை கிழியும். கவ்விய பிடியை விடாமலிருக்கவென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட முப்பது கிலோ நாய் கோபித்தால் உயிர் போகும். கோபம் வருவது அபூர்வம் என்பது, வந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு விடையாகாது.

அந்தக் கோபத்தை வளர்ப்பது யார்? கடற்கரை வீடுகளின் எஜமானர்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை எஜமானர்கள். வாரத்தில் ஆறு நாள் நாய் சங்கிலியில். சோறு வைப்பவர் காவற்காரர். மனிதர் மேல் சாய்ந்து கிடப்பதற்கென்றே பிறந்த பிராணிக்கு ஆறு நாள் தனிமை எத்தகைய சிறை! பழக்கம் இல்லை, ஓட்டம் இல்லை, அந்நியரைக் கண்டறிய வாய்ப்பு இல்லை. ஏழாம் நாள் விருந்தினர் கூட்டமும் வாத்திய முழக்கமும் வந்து சேர்ந்து, கதவும் திறந்து கிடந்தால் அந்நாய் என்ன செய்யும் என்பதற்கு ஜோதிடம் வேண்டியதில்லை.

சீதோஷ்ணத்தையும் சிலர் நினைப்பதில்லை. நாய்க்கு உடல் முழுவதும் வேர்ப்பதில்லை. மூச்சிரைத்தே வெப்பத்தைத் தணித்துக்கொள்ள வேண்டும். புல்டாக்கின் முகத்தை நசுக்கி நசுக்கி அழகு பார்த்த மனிதன், அதன் மூச்சு வழியையே குறுக்கிவிட்டான். அந்த இனத்தில் பெரும்பாலான குட்டிகள் வயிற்றைக் கீறியே வெளியே எடுக்கப்படுகின்றன. அத்தகைய நாயைச் செங்கற்பட்டுக் கத்திரி வெயிலில் தகரக் கொட்டகையில் கட்டி வைப்பது, மெதுவாகக் கழுத்தை நெரிப்பதற்கு ஒப்பாகும்.

தடையா, பொறுப்பா?

2024ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் தேதி மத்திய சர்க்காரின் கால்நடைத் துறை, பிட்புல் உள்ளிட்ட 23 இன நாய்களின் இறக்குமதியையும் இனப்பெருக்கத்தையும் விற்பனையையும் தடுக்குமாறு மாகாணங்களுக்கு எழுதிற்று. அடுத்த மாதமே கர்நாடக ஹைக்கோர்ட்டும் டில்லி ஹைக்கோர்ட்டும் அதை ரத்துச் செய்தன. சம்பந்தப்பட்டவர்களைக் கேளாமல் இத்தகைய உத்தரவு போடுவது கூடாது என்பது அவற்றின் முடிவு. மே மாதத்தில், சென்னைப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுக் குழந்தையை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. அவை காளை நாய் இனமல்ல; எனினும் அதே பட்டியலில் இருந்தவை. உடனே தமிழ்நாட்டிலும் ஒரு தடை உத்தரவு பிறந்தது. பிறந்த வேகத்திலேயே நிறுத்தியும் வைக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் சென்னை ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒரு மனிதர் மாண்டார். அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை மாநகராட்சி, பிட்புல்லுக்கும் ராட்வீலருக்கும் புதிதாக லைசென்ஸ் தருவதில்லை என்று தீர்மானித்தது.

சென்னையில் அப்படித் தீர்மானமான பிறகு நம் ஜில்லாவின் நிலை என்ன? மாநகராட்சியின் எல்லை ஒரு கோடு. நாய்க்கு அந்தக் கோடு தெரியாது. காரில் ஏற்றிச் செல்லும் எஜமானருக்கு நன்றாகத் தெரியும். நகரத்தில் வைத்துக்கொள்ள முடியாததை கோவளத்திலோ நெம்மேலியிலோ உள்ள தோட்டத்தில் விட்டுவிட்டுப் போகலாம் அல்லவா? நகரம் தன் அபாயத்தைக் கிராமத்தின் வாசலில் இறக்கி வைப்பதை நாம் சம்மதிக்க முடியாது. மீனவர் குப்பத்துக் குழந்தையின் உயிர் நுங்கம்பாக்கத்துக் குழந்தையின் உயிரைவிட மலிவானதன்று.

சட்டம் படித்தவன் என்ற முறையில் ஒன்று கூறுவோம். இனத்தின் பெயரை மட்டும் நம்பிச் செய்யும் தடை எளிதில் ஏமாற்றப்படும். கலப்பு நாயைக் கொண்டு வந்து, இது அந்த இனமல்ல என்று சாதித்தால், இன்ஸ்பெக்டர் எதை வைத்து மறுப்பார்? இங்கிலாந்து 1991ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிட்புல்லைத் தடுத்தது. அதன் பிறகு எக்ஸெல் புல்லி என்ற மேலும் பெரிய நாய் தோன்றி, 2023ஆம் ஆண்டின் முடிவில் அதையும் தடுக்க வேண்டி வந்தது. ஒரு பெயரைப் பூட்டினால் இன்னொரு பெயர் பின்கதவால் வருகிறது.

ஆனால் எஜமானருக்கு மாற்றுப் பெயர் இல்லை. தன் வசமுள்ள பிராணியால் மனித உயிருக்கு ஆபத்து நேராதபடி காக்கத் தவறுகிறவரைத் தண்டிக்க 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்திலேயே இடம் இருந்தது. 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சங்கிதையின் 291ஆம் பிரிவும் அதையே கூறுகிறது: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நாய்க்குட்டியின் விலையில் ஒரு சிறு பங்குகூட ஆகாத இந்த அபராதத்தைக் கண்டு எந்தத் தனவந்தர் அஞ்சுவார்? நாய்களை மோதவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அச்சட்டம் விதித்த அபராதமோ 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான்!

சில ஆண்டுகளுக்கு முன், கெண்டைக்காலில் கடியுண்ட ஒரு பால்காரர் நம்மிடம் வந்தார். பதினெட்டு நாள் வேலைக்குப் போகவில்லை. நாயின் சொந்தக்காரர் ஊசிக்கென்று ஐந்நூறு ரூபாய் கொடுத்து அனுப்பிவிட்டார். வழக்குப் போடலாம் என்றோம். "வேண்டாங்க ஐயா, நாளைக்கும் அந்தத் தெருவுலதான் பால் ஊத்தணும்" என்று கூறிப் போய்விட்டார். சட்டப் புத்தகத்தில் பரிகாரம் இருக்கிறது. பால்காரருக்குப் பரிகாரம் இல்லை.

நம் நாட்டு நாய்

இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று நம்மிடமே சிறந்த நாய்கள் இருக்க, அந்நிய நாய் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். நமக்கும் அந்தப் பாசம் உண்டு. இராஜபாளையத்தின் உருவம் 2005இல் தபால் தலையில் வந்தபோது மகிழ்ந்தவர்களில் நாமும் ஒருவர். நம் வெயிலுக்கும் மழைக்கும் பழகிய உடம்பு, மெலிந்த கட்டு, கூர்ந்த காவல் இவற்றுக்கு உண்டு. ஆயினும் சுதேசி நாய் என்பதற்காக அதையும் ஆறு நாள் சங்கிலியில் போட்டால் அதுவும் கடிக்கத்தான் கடிக்கும். நாயை மாற்றினால் போதாது. எஜமானரும் மாற வேண்டும்.

எஜமானர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம் முன்னோரே ஒரு கல் நட்டு வைத்திருக்கிறார்கள். மாமல்லபுரத்துக்குப் பெயர் தந்த மாமல்லனின் தந்தை மகேந்திரவர்மன். செங்கற்பட்டை அடுத்த வல்லத்துக் குடைவரை அவன் காலத்தது. அவனுடைய 34ஆம் ஆட்சியாண்டில், இன்றைய திருவண்ணாமலை ஜில்லாவைச் சேர்ந்த எடுத்தனூரில் ஒரு நடுகல் எழுந்தது. எருமை மந்தையைக் காத்துக் கள்ளரோடு பொருது மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. வீரனுக்குப் பின்னால் அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளரைக் கடித்த செய்தியும் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக ஒரு நாயின் பெயர் அழியாமல் நிற்கிறது!

அக்கல்லை நினைக்குந்தோறும் நமக்குத் தோன்றுவது இதுதான். அந்த வீரன் நாயை ஏவிவிட்டு மதிலுக்குப் பின்னால் நிற்கவில்லை. நாய் நின்ற களத்தில் தானும் நின்றான். அந்த நாய் காத்ததும் ஓர் எஜமானரின் பெருமையை அன்று, எருமை மந்தையை.

செய்ய வேண்டுவன

செங்கற்பட்டு ஜில்லா முழுவதும், நகராட்சியாயினும் சிற்றூராயினும், வலிய நாய் வளர்ப்போர் அனைவரும் லைசென்ஸ் பெற வேண்டும் என்று விதி வேண்டும். நாய் வீட்டில் வசிப்பவரின் பெயரிலேயே லைசென்ஸ் தரப்பட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எஜமானருக்குத் தரலாகாது. வெளியே கொண்டு வரும்போது உறுதியான வாரும் வாய்மூடியும், வாசலில் ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு கதவுகளும் கட்டாயமாக வேண்டும். ஒரு கதவு மறந்து திறந்தாலும் மற்றொன்று சாலையைக் காக்கும். வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் போடப்பட வேண்டும். கடியுண்டவருக்கு நஷ்டஈடு கிடைக்கும்படி, மோட்டார் வண்டிக்கு இருப்பது போன்ற மூன்றாம் தரப்பு இன்ஷூரன்ஸ் வேண்டும். கொல்லைப்புறத்தில் குட்டிகளை உற்பத்தி செய்து கைபேசியில் படம் காட்டி விற்கும் வியாபாரிகளை அடக்க வேண்டும். காது நறுக்கிய குட்டியை வாங்குவதில்லை என்று வாங்குபவர்களும் உறுதி கொள்ள வேண்டும். கூலிக்காரர் கடியுண்டால் வழக்கை நடத்தித் தர ஊருக்கு ஒரு வக்கீலாவது முன்வர வேண்டும். நம் சகோதர வக்கீல்களுக்கு இதை விசேஷமாகக் கூறுகிறோம்.

இவை நாயை வெறுப்பவர்களின் கோரிக்கைகள் அல்ல. உண்மையில் நாயை நேசிப்பவரே இவற்றை முதலில் கேட்க வேண்டும். ஒரு எஜமானரின் அலட்சியத்துக்காக ஆயிரம் நாய்கள் பழி சுமக்கின்றன. பழி முற்றியதும் அவற்றை இரவில் காரில் ஏற்றி வந்து கடற்கரைச் சாலையில் இறக்கிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

மாமல்லபுரத்து ஐந்து ரதங்களில் உயர்ந்தது தர்மராஜ ரதம். ஜனங்கள் பிற்காலத்தில் சூட்டிய பெயர்தான் அது. ஆனாலும் அந்தப் பெயரைக் கேட்கையில் பாரதக் கதையின் கடைசிக் கட்டம் நினைவுக்கு வராமற் போகாது. கூட வந்த நாயை விட்டுவிட்டு ஏறினால் சுவர்க்கம் என்றபோது, அந்தச் சுவர்க்கம் வேண்டாம் என்றார் தர்மபுத்திரர். தன்னை நம்பிய நாய்க்கு இறுதிவரை தானே பொறுப்பு என்று அவர் கருதினார். அந்தப் பொறுப்பை ஏற்க இயலாதவர் நாய் வளர்க்க வேண்டாம். ஏற்பவர் எந்த நாயை வேண்டுமானாலும் வளர்க்கட்டும்.

அவர் அதை நன்றாக வளர்க்கிறாரா என்று அறிய ஒரு சோதனை போதும். காலையில் மீன் கூடை சுமந்து வரும் அம்மாள் அவர் வீட்டு வாசலை எதிர்ப்புறம் போகாமல் கடக்க வேண்டும்.